தாதர் முழுக்கக் கேட்ட பேர்

என் மகளுக்கு நாலு வயதாகும் வரை அவள் பேரை நான் ஒரு தரம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இதைப் படிக்கிறவர்கள் என்னைக் கோட்டிக்காரி என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும். பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் லேபர் கேம்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்த பெண்களுக்கு விளக்கமே வேண்டியிருக்காது.

பேர் பேச்சியம்மாள். என் வீட்டுக்காரருடைய அக்காவின் பேரும் அதுதான். அக்காவின் பேர்தான் மகளுக்கும் அமைந்தது. அந்த அக்காவை நான் மதினி என்று கூப்பிடுகிறேன். நான் கல்யாணமாகி வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாட்டுங்கா பில்டிங்குகளில் பாத்திரம் தேய்த்து, தனக்கென்று ஒரு கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் அவரை ஆளாக்கியது மதினிதான். அதனால் மாமியார் இல்லாத குறை எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. குழம்பில் உப்பு கூடினால் மதினி ஒன்றும் சொல்லமாட்டார். தண்ணீர்ச் செம்பை எடுத்து என் முன்னால் டொக்கென்று வைப்பார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த மருமகள் மூத்தவர்களைப் பேர் சொல்லக் கூடாது. புருசன் பேர், மாமனார் பேர், மாமியார் பேர் எதுவும் வாயில் வரக் கூடாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் மறக்காமல் கொண்டுவந்த சாமான்களில் இதுவும் ஒன்று. ஊரில் இப்போது யாரும் இதைப் பெரிதாகப் பார்ப்பதில்லையாம். நாங்கள் பம்பாயில் பத்திரமாக வைத்திருக்கிறோம். மூத்தவர் பேரையே பிள்ளைக்கும் வைத்துவிட்டால், பெற்றவள் அந்தப் பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. “ஏட்டி பேச்சி, சனியனே, இங்க வா” என்று நான் ஒரு நாள் கத்தினால், உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் மதினி என்ன நினைப்பார்?

உண்மையைச் சொன்னால் அந்தப் பேர் எனக்குப் பிடிக்கவும் இல்லை. மாசமாக இருந்தபோதே போனில் தேடித் தேடி நான் ஒரு பேர் எடுத்து வைத்திருந்தேன். ‘ஷ’வும் இருக்கும், ‘ஸ்ரீ’யும் இருக்கும், கூப்பிட்டால் நாக்கில் ஐஸ்கிரீம் வைத்த மாதிரி இருக்கும். பேர் வைக்கிற அன்று எங்கள் வழக்கப்படி அத்தைக்காரிதான் பிள்ளையின் காதில் பேரைச் சொல்ல வேண்டும். மதினி பிள்ளையை மடியில் வாங்கினார். நான் எடுத்து வைத்த பேரை அவரிடம் சொல்லியாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார். மதினி குனிந்தார். பிள்ளையின் காதில் மூன்று தரம் சொன்னது “பேச்சியம்மாள்”. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அந்த மனுசன் மேலே ஃபேன் எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அடுக்களையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே உருண்டன. “எங்க அக்காவுக்கு நான் வேற என்னத்த செஞ்சேன் சொல்லு, ஒரு பேரு, அவ்வளவுதான” என்றார் அவர். அவர் சொன்னதில் தப்பில்லை. கோபம் மட்டும் போகவில்லை. சொல்லக் கூடாத பேர், சொல்லப் பிடிக்காத பேர் இரண்டும் ஒன்றாகவே அமைந்ததில் எனக்கு ஒரு வசதி. வாயை மூடிக்கொண்டேன்.

ஆக, பிள்ளைக்குப் பேர் இருந்தது, கூப்பிட ஆள் இல்லை. நான் “பாப்பா” என்பேன், கோபம் வந்தால் “ஏட்டி”. அவள் அப்பா அவளை “அக்கா” என்று கூப்பிடுவார். நாலு வயதுச் சுண்டைக்காயைப் பார்த்து வளர்ந்த ஆம்பளை “அக்கா, சாப்பிட்டியாக்கா” என்று கொஞ்சுவதைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது. மதினி “குட்டி” என்பார். “நீங்களாச்சும் பேரச் சொல்லிக் கூப்பிடலாம்லா மதினி” என்று ஒரு தரம் கேட்டேன். “எம் பேர நானே கூப்பிட்டுக்கிட்டுத் திரிஞ்சா பாக்கவ என்ன சொல்லுவாவ? கிறுக்குப் பிடிச்சிட்டுன்னுல்லா சொல்லுவாவ” என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான்.

வேண்டாத பேர் என்றாலும் அதற்கு அர்த்தம் என்ன என்று அறிந்துகொள்ள ஆசை இருந்தது. போனில் தட்டிப் பார்த்தேன். ஐஸ்கிரீம் பேருக்கெல்லாம் பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருந்தவர்கள் பேச்சியம்மாளைப் பற்றி மூச்சுவிடவில்லை. மதினியைக் கேட்டேன். ஊரில் எங்கள் சாமி கோயிலில் பேச்சியம்மன் இருக்கிறாளாம். பிள்ளை பெறுகிறவளுக்கும் பிறந்த பிள்ளைக்கும் அவள்தான் காவல். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், பார்க்கப் பயமாகவும் இருக்கும் என்றார். “பேசுத சாமி, அதான் பேச்சி. கேட்டா பதில் சொல்லுவா” என்றும் சொன்னார்.

மாட்டுங்காவில் ஒரு மாமிக்கு நான் ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். சேலைக்கு ஃபால் வைத்து ஓரம் அடிப்பதும் ப்ளவுஸ் தைப்பதும்தான் என் தொழில். பேச்சுவாக்கில் பிள்ளை பேரைச் சொல்ல வேண்டி வந்தது. “எங்க வீட்டுக்காரரோட அக்கா பேருதான், ப-வுல ஆரம்பிக்கும்” என்று நான் சுற்றி வளைக்க, கடைசியில் மாமியே கண்டுபிடித்தார்.

“பேச்சியா? பேய்ச்சிங்கறதுதான்டிம்மா மருவி பேச்சி ஆயிடுத்து. பொண் பேய்னு அர்த்தம். கொழந்தைக்குப் போயா வெச்சேள்?”

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! என் பிள்ளை பேரை நான் வைவேன், அது வேறு விஷயம். மாமி எப்படி வையலாம்? “பேயையே காவலுக்கு வச்சிட்டா வேற பேய் எங்க இருந்து மாமி வரும்?” என்று கேட்டுவிட்டு வந்தேன். அந்த வாரம் மாமியின் ப்ளவுஸ் கை கொஞ்சம் இறுக்கமாக அமைந்துவிட்டது. தற்செயல்தான்.

எங்கள் கேம்ப்பில் இந்தப் பேருக்கு ஒரு காலத்தில் அப்படி ஒரு கிராக்கி. நான் வந்த புதிதில் குழாயடியில் நின்று “ஏ பேச்சி” என்று யாராவது கூப்பிட்டால் சந்தின் இரண்டு பக்கமும் தலைகள் எட்டிப் பார்க்கும். அதனால் நெட்டப் பேச்சி, மாடி வீட்டுப் பேச்சி, இட்லிக்காரி பேச்சி என்று முன்னால் ஒன்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். எங்கள் மதினி பாத்திரக்காரி பேச்சி. எல்லாரும் மதினி வயதுக்காரர்கள். அவர்களுக்குப் பிறகு யாரும் அந்தப் பேரை வைக்கவில்லை. இப்போது சந்தில் விளையாடுகிற பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாருங்கள், எல்லாம் ஷா, ஷி, ஸ்ரீ. அத்தனைக்கும் நடுவில் என் பிள்ளை ஒருத்திதான் பேச்சி, அதுவும் யாருக்கும் தெரியாத பேச்சி.

பாப்பாவுக்கு நாலு வயதான வருசம், கணபதி பண்டிகைக்கு முந்தின வாரம். லைனிங் துணி, நூல், ஹூக் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு தாதர் போனேன். கணபதி நேரத்துத் தாதர் கடைத்தெருக் கூட்டத்தைப் பற்றிப் பம்பாய்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. ஸ்டேஷன் பாலத்தின் அடியில் தரையில் துணி விரித்து லேஸ் விற்கிறவனிடம் பேரம் பேசினேன். பக்கத்திலேயே ஒரு அம்மா தலைக் கிளிப் விரித்திருந்தாள். பாப்பா அதில் ஒரு பட்டாம்பூச்சி கிளிப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லேஸுக்கு ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்ப அவள் கையை விட்டேன்.

அப்போதுதான் “காடீ ஆயீ, காடீ ஆயீ” என்று ஒரு குரல். சாமானைப் பறித்துக்கொண்டு போகிற முனிசிபாலிட்டி வண்டி வருகிறதாம். தரையில் கடை விரித்தவர்களுக்கு அந்தச் சத்தம் போதும். நாலு முனையையும் சேர்த்து மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். லேஸ்காரன் என் கையில் பொட்டலத்தைத் திணித்துவிட்டு மறைந்தான். கூட்டம் என்னை இடித்துத் தள்ளியது. நான் சமாளித்து நின்று கீழே பார்த்தால் வெறும் தரை. பிள்ளை இல்லை.

“பாப்பா!” என்று கத்தினேன். பாலத்தில் ஏறினேன், இறங்கினேன், பூக்கடைப் பக்கம் ஓடினேன், திரும்பி ஓடிவந்தேன். “பாப்பா! பாப்பா!” ஒரு நல்ல மனுசன் என்னை நிறுத்தி, உங்கள் அப்பாவுக்கு என்ன வயது, என்ன சட்டை போட்டிருந்தார் என்று ஹிந்தியில் கேட்டார். இந்த ஊரில் பாப்பா என்று கத்தினால் அப்பாவைத் தொலைத்தவள் என்றுதானே நினைப்பார்கள். நான் அழுதேனா, அவரைத் திட்டினேனா, இப்போது நினைவில்லை. அவர்தான் என்னை ஸ்டேஷன் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே மைக் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் உளறியதைப் பொறுமையாகக் கேட்டாள். மஞ்சள் ஃபிராக், நாலு வயது, இரட்டைப் பின்னல் என்று எல்லாம் சொன்னேன்.

“நாம் க்யா ஹை?”

பேர் என்ன? என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இத்தனை வருசப் பழக்கம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “பாப்பா” என்றேன். அது பேர் இல்லை, சரியான பேரைச் சொல்லுங்கள் என்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தேகம்கூடத் தெரிந்தது. பெற்றவளுக்குப் பிள்ளை பேர் தெரியாதா? அந்த நிமிசம் எனக்கு மதினியும் இல்லை, மரியாதையும் இல்லை. “பேச்சி! பேச்சியம்மாள்!” என்றேன்.

அவள் மைக்கில் சொல்லிப் பார்த்தாள். பேசி என்றாள், பெச்சம்மா என்றாள், பாதியில் சிக்கி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டாள். “ஆப் ஹீ போலோ”, நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

நான் சொன்னேன். சொன்னேன் என்றா சொல்வது? அலறினேன்.

“ஏ பேச்சி! ஏட்டி பேச்சியம்மா! எங்கட்டி நிக்க? அம்மா ஸ்டேஷன் ஆபீஸ்ல இருக்கேன், யாருகிட்டயாச்சும் சொல்லி ஓடிவாட்டி! பேச்சீ!”

என் குரல் பிளாட்பாரம் பிளாட்பாரமாகப் போய்த் திரும்பி வந்ததை நானே கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும். தடுத்து வைத்திருந்த பேர் எல்லாம் ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தது.

கதவு படாரென்று திறந்தது. நான் எழுந்து ஓடினேன். நின்றது பிள்ளை இல்லை. ஐம்பது வயதிருக்கும், நல்ல உடம்புக்காரி, பட்டுச்சேலைக் கடைப் பையோடு மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள்.

“யாரு என்னயக் கூப்பிட்டது? நாந்தான் பேச்சியம்மா. நெருள்ல இருந்து வாரேன். வீட்ல யாருக்கும் என்னமும் ஆயிட்டா?”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். விசயத்தைச் சொன்னேன். அந்த அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“எங்க அம்மைக்குப் பெறகு என்னய யாரும் ஏட்டின்னு கூப்பிட்டதில்ல தாயி. அம்மை செத்து எம்புட்டோ வருசமாச்சு. அது தெரிஞ்சும் காலு தன்னால ஓடி வந்துட்டு. நான் வந்தேம்லா, உம் பிள்ளையும் வருவா. அழாத” என்றாள். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒரு பேச்சி.

அவள் சொல்லி முடிக்கவில்லை. வாசலில் கிளிப்காரி. தலையில் மூட்டை, ஒரு கையில் என் பிள்ளை. பிள்ளையின் முடியில் பட்டாம்பூச்சி கிளிப்.

கிளிப்காரி ஹிந்தியில் படபடவென்று சொன்னாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடியபோது இந்தப் பிள்ளை கிளிப்பை விடாமல் கூடவே பாலத்துக்கு ஓடிவந்துவிட்டதாம். அம்மா வருவாள் என்று பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தாளாம். அழவே இல்லையாம், மைக்கில் சத்தம் கேட்டதும்தான் ஒரே அழுகையாம். யாரோ தொலைந்துபோய்விட்டார்கள், உடனே போக வேண்டும் என்று பிள்ளைதான் அவளைப் பிடித்து இழுத்தாளாம்.

நான் பிள்ளையை அள்ளினேன். முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு முகம், கழுத்து, கை என்று முத்தமாகக் கொடுத்தேன். அப்பாடா, அப்பாடா என்று என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. உயிர் திரும்பி வருவது என்பார்களே, அது சும்மா பேச்சில்லை. கால் விரலிலிருந்து ஏறி வருவதை நான் உணர்ந்தேன். மைக் முன்னால் இருந்த பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளை மட்டும் என்னைத் தள்ளிவிட்டுச் சுற்றிச் சுற்றித் தேடினாள்.

“யம்மா, அத்த எங்க? அத்த தொலஞ்சு போச்சா?”

“எந்த அத்தட்டி?”

“நீதான கூப்பிட்ட? பேச்சின்னு அத்தையத்தான கூப்பிட்ட?” என்றவள், என் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். “அத்தையப் போயி ஏட்டிங்க? அத்த அடிக்கப் போவுது உன்னய.”

தான் தொலைந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. அத்தை தொலைந்துவிட்டாள் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள் என் செல்லம். நெருள் பேச்சியம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன், அழுகையோடு சேர்ந்து மூக்கு ஒழுகச் சிரித்தேன்.

“பேச்சிங்கது நீதாம்ட்டி” என்றேன்.

“நான் பாப்பால்லா?”

“உன் பேரும் பேச்சிதான். அத்த பேருதான் உனக்கும்.”

அவள் நெருள் அம்மாவைப் பார்த்தாள். “எனக்கும் அதாம்மா பேரு” என்றாள் அந்த அம்மா. பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு பேருக்கு ஒரே பேர் போதுமா என்று அவளுக்குக் கவலை வந்துவிட்டது போல.

தாதரிலிருந்து மாட்டுங்கா அடுத்த ஸ்டேஷன்தான். அந்தச் சின்னத் தூரத்துக்குள் ட்ரெயினில் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளையைத் தொலைத்தேன் என்று சொல்வதா, மதினி பேரை மைக்கில் ஏட்டி போட்டுக் கூப்பிட்டேன் என்று சொல்வதா? எதை முதலில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, வாசல்படி ஏறும்போதே என் மகள் வேலையை முடித்துவிட்டாள்.

“அத்த! யம்மா உன்னய மைக்ல ஏட்டி பேச்சின்னு கூப்பிட்டா!”

மதினி கையில் கரண்டியோடு வந்து நின்றார். நான் நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். பிள்ளை தொலைந்தது என்ற இடம் வந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர்ச் செம்பு எப்போது டொக்கென்று வரும் என்று நான் காத்திருந்தேன்.

“தாதர் பூராவும் கேட்டுச்சா?” என்றார்.

“கேட்டுச்சு மதினி.”

“கேட்டு, பிள்ள வந்துட்டா.”

“வந்துட்டா மதினி.”

மதினி பிள்ளையின் கிளிப்பைச் சரிசெய்தார். “நீ போன்ல பாத்து வச்சிருந்தியே, ஸ்ரீயோ கீயோ. அதச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா தாதர்ல பத்துப் பிள்ள ஓடி வந்திருக்கும். நீ உம் பிள்ளையத் தேடி எடுக்கதுக்குள்ள விடிஞ்சிரும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “தம்பிட்ட நீ எடுத்து வச்ச பேரத்தான் சொல்லுதேன்னேன். பிள்ளைய மடியில வாங்குனதும் மனசு கேக்கல. எம் பேரு என்னோட போயிரும்னு நெனச்சிட்டேன். ஒனக்குப் பிடிக்கலன்னு எனக்குத் தெரியும்லா.”

நாலு வருசமாக வைத்திருந்த கோபத்தை அந்த நேரம் தேடிப் பார்த்தேன். தாதரிலேயே எங்கோ விழுந்துவிட்டிருந்தது. “இப்பப் பிடிக்கு மதினி” என்றேன். பொய் இல்லை. என் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த பேர், அதைப் பிடிக்காமல் போகுமா?

“பெறகென்ன, இனிமே கூப்பிடு. பயந்து சாவாத. அவ பேரத்தான சொல்லுத” என்றார் மதினி.

மறுநாள் காலையில் எழுந்ததும் எனக்கு அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. பிள்ளை போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். மதினி அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“ஏட்டி பேச்சி, பல்லு தேச்சியா?”

போர்வை அசையவில்லை. அடுக்களையிலிருந்துதான் பதில் வந்தது.

“நா அப்பமே தேச்சாச்சு. படுத்துக் கெடக்கவள எழுப்பு.”